எயர் கொம்பேலாவின் உத்தியோகத்தர்

குகனேஸ்வரியின் தம்பி கோபாலசிங்கம் இத்தாலிக்கென்று வெளிக்கிட்டு ஆபிரிக்காவில் உத்தியோகத்தர் ஆனவன். இதை, தான் இருக்கிற இத்தாலியின் பலேர்மோ நகரத்துத் தமிழருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "தம்பி அங்கை மாட்டுப்பட்டுப் போனான்" என்று மட்டும் சொல்லுவாள். அது அரைவாசி உண்மை.

தொண்ணூற்றி மூன்றில் ஏஜென்சிக்காரன் ஒருவன் கோபாலையும் வேறு சில பெடியளையும் கொழும்பிலிருந்து கொம்பேலாவுக்குக் கொண்டுபோனான். மேற்கு ஆபிரிக்காவில் கடலோரமாக இருக்கிற சின்ன நாடு அது. அங்கிருந்து பக்கத்து நாட்டுக்கு ஒரு விமானம், பக்கத்து நாட்டிலிருந்து றோமுக்கு இன்னொன்று என்பது திட்டம். "ரிக்கற் எடுத்துக்கொண்டு ஓடிவாறன், ஒருத்தரும் வெளியிலை போகாதேங்கோ" என்று சொல்லி எல்லாருடைய பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு ஹொட்டலைவிட்டுப் போனவன், இன்றுவரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

மற்றப் பெடியள் ஒவ்வொரு வழியாகச் சிதறிப் போனார்கள். கோபால் மட்டும் தினமும் காலையில் எயர் கொம்பேலாவின் கந்தோருக்குப் போய், தன்னுடைய பெயரில் ரிக்கற் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பான். இல்லை என்பார்கள். அங்கே காற்றாடி ஒன்று இருந்ததால் அதன் கீழேயே உட்கார்ந்துவிடுவான்.

எயர் கொம்பேலா அரசாங்கத்தின் சொந்தக் கொம்பனி. அதற்கு இரண்டு விமானம். ஒன்று பறக்கும், மற்றது, பறக்கிறதுக்குத் தேவையான சாமானைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்தில் நிற்கும். சுற்றிவர உள்ள நாடுகளுக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு விமானம் என்று ஒரு அட்டவணை ஜனாதிபதியின் படத்துக்குக் கீழே தொங்கியது. படத்தையும் அட்டவணையையும் சனம் ஒரே விதமான மரியாதையுடன்தான் பார்த்தது.

கந்தோருக்கு வருகிறவர்கள், எந்த நேரமும் அங்கேயே இருக்கிற ஆள் என்பதால் கோபாலிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஊரில் அவன் பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்தவன். வராத வாகனத்தைப் பற்றிக் கதைத்துப் பழக்கம். காதால் பிடித்த பிரெஞ்சில் "கொஞ்சம் பிந்தும், ஆனால் வரும்" என்பான். கருவாட்டுப் பொட்டலத்துடன் வந்து கவுண்டர்க்காரனைச் செருப்பால் அடிக்கப் போன ஒரு சந்தைக்காரி, கோபால் சொன்னதும் அடங்கிப்போய் அவனுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். தன்னைவிடக் கூடக் காலம் காத்திருக்கிற ஒருவன் சொன்னால் யாருக்கும் கோபம் வராது போலும். இதைக் கண்ட மனேச்சர் அவனுக்கு ஒரு யூனிபோம் சேட்டைக் கொடுத்தார். பிறகு தோளில் ஒரு பட்டி வந்தது. தொண்ணூற்றி ஏழில் இரண்டு பட்டி.

அந்த வருசம் மே மாதம்தான் அவன் ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, நான் பலேர்மோ வாறன்."

குகனேஸ்வரி அடுப்பைப் பாதியில் நிற்பாட்டினாள். "எப்பிடியடா? ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"ஒருத்தரும் இல்லை. எங்கடை பிளேனிலை வாறன். மந்திரி உங்கை ஒரு வர்த்தகக் கண்காட்சிக்கு வாறார். உங்கை எங்களுக்குக் கந்தோர் இல்லைத்தானே, எண்ணெய் அடிக்க, பேப்பர் பார்க்க ஒரு ஆள் கூட வரோணும். செவ்வாய் வந்து சனி வெளிக்கிடுவம்."

"வெளிக்கிடுவம்" என்ற சொல் அவளுடைய காதில் விழவேயில்லை. ரெலிபோனை வைத்ததும் புருசன் சோதிலிங்கத்திடம் ஓடினாள். "இஞ்சேருங்கோ, தம்பி வந்து சேரப்போறான்!"

அன்றே பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் ஒரு மெத்தைக்கு இடம் கண்டுபிடிக்கப்பட்டது. வேலையும் கண்டுபிடிக்கப்பட்டது. குகனேஸ்வரி துப்புரவு செய்யப் போகிற சிஞ்ஞோறா அமேலியாவின் வீட்டில், சிஞ்ஞோறாவின் வயதான தகப்பனைப் பார்க்க இரவும் பகலும் தங்கி நிற்கிற ஒரு ஆள் தேவை. அவர் அந்தக் காலத்தில் பேர்போன வக்கீல். இன்னமும் எல்லாரும் அவரை அவ்வொக்காத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து, இஞ்சை அவ்வொக்காத்தோ. படிக்காமலே குகனேஸ்வரிக்கு விளங்கிய முதல் இத்தாலியன் சொல் அது.

விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிற மன்னார் பீலிக்ஸ் மிச்சத்தைப் பொறுப்பெடுத்தார். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. குப்பை வண்டில் போற வாசல் ஒண்டு இருக்கு. நான் என்ரை மேலங்கியைப் போட்டு ஆளை வெளியிலை கொண்டுவாறன்."

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வேலைக்கு லீவு போட்டுப் புந்தா றைசி விமான நிலையத்தில் நின்றார்கள். எயர் கொம்பேலா வரவில்லை. எங்கே நிற்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கொம்பனி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை பின்னேரம் மலைக்கும் கடலுக்கும் நடுவால் ஒரு பழைய விமானம் இறங்கியது. வாலில் நீளச் சொண்டுக் குருவிப் படம். ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.

பீலிக்ஸ் மேலங்கியுடன் குப்பை வாசலில் காத்து நிற்க, கோபால் பெரிய வாசலால் வந்தான். வெள்ளைச் சேட்டு, நீலக் காற்சட்டை, தொப்பி, தோளில் தங்க நிறப் பட்டி. வாசலில் நின்ற பொலிஸ்காரன் அவனை விமானி என்று நினைத்துச் சலூட் அடித்தான். குகனேஸ்வரி கட்டிப்பிடித்து அழுதபோது அவன் முதலில் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். நசிந்துபோகுமாம்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அவன் தனியே வரவில்லை. விமானத்தில் சாப்பாடு பரிமாறுகிற இசிடோர் என்ற கொம்பேலாக்காரனையும் கூட்டி வந்திருந்தான். "ஹொட்டலிலை தனிய இருப்பான், பாவம். நல்ல பெடியன்." இசிடோர் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டு வேர்த்து வழிந்து, இன்னும் வேண்டும் என்று கோப்பையை நீட்டினான். ஆளை எல்லாருக்கும் பிடித்துப்போனது.

குகனேஸ்வரி சாப்பாட்டோடு சாப்பாடாக விசயத்தைத் தொடங்கினாள். "சிஞ்ஞோறாவோடை கதைச்சிட்டன். தனி அறை. சாப்பாடு அவையளின்ரை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. இஞ்சத்தைப் பொலிஸ் கந்தோர், குவெஸ்தூராவிலை சிஞ்ஞோறாவுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு, இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோப் பேப்பர் எடுக்கிறது கரைச்சல் இல்லை."

கோபால் சோற்றைப் பிசைந்தான். இசிடோர் பிரெஞ்சில் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?"

"நீ என்ன சொல்லுறாய் எண்டு கேக்கிறான்."

"சொல்லு. வடிவாய்ச் சொல்லு. அவனாவது உனக்குப் புத்தி சொல்லட்டும்."

கோபால் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தான். எந்த வீடு, எந்தத் தெரு, வியாழன் லீவு எல்லாம். இசிடோர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். நல்ல வேலைதான் என்று அவனும் சொன்னதாகக் கோபால் சொன்னான். குகனேஸ்வரிக்கு அவன்மேல் இன்னும் பட்சம் கூடியது. இன்னொரு நண்டுக் காலை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை தம்பியைச் சிஞ்ஞோறா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வேறு நல்ல உடுப்பு இல்லாததால் அவன் யூனிபோமுடனேயே வந்தான். கதவைத் திறந்த சிஞ்ஞோறா அமேலியா, "யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதா?" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

உள்ளே அவ்வொக்காத்தோ கோட்டுப் போட்டு, மடியில் தொப்பியை வைத்து, காலடியில் சூட்கேசுடன் கதிரையில் இருந்தார். அவர் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். றோமில் பெரிய நீதிமன்றத்தில் தனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது, கட்சிக்காரனும் செத்துவிட்டான் என்று யாராவது சொன்னால் பொல்லால் அடிப்பார். கடைசியாக அவரைப் பார்க்க வந்த ஆள் அந்தப் பொல்லடியால்தான் வேலையை விட்டது.

யூனிபோமைக் கண்டதும் கிழவர் எழும்பினார். அவருடைய காலத்தில் படித்தவர்கள் வெளிநாட்டுக்காரனுடன் பிரெஞ்சு பேசுவார்கள். அந்தப் பிரெஞ்சில் கேட்டார்: "றோம் விமானம் எங்கே? ஏன் ஒருவரும் எனக்கு அறிவிக்கவில்லை?"

கோபால் யோசிக்கவில்லை. கை தானாகப் பின்னுக்குப் போய்க் கட்டிக்கொண்டது. "மன்னிக்கவேணும் மெஸ்ஸியே. றோம் விமானம் கொஞ்சம் பிந்தும்."

"காரணம்?"

"தொழில்நுட்பக் காரணம். அதுவரைக்கும் காலைச் சாப்பாடு கொம்பனியின் செலவில்."

கிழவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தியா? மனிசரோடை கதைக்கத் தெரிந்த ஒருவன். இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலம்!" என்று சொல்லிவிட்டு மேசையில் போய் இருந்து, பாணையும் பாலையும் ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு முடித்தார். சிஞ்ஞோறாவின் கண் கலங்கிவிட்டது. குகனேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம், நாளைக்கே வரலாம். ஒரே ஒரு நிபந்தனை, யூனிபோமுடன்தான் வரவேண்டும்.

தெருவில் இறங்கியதும் குகனேஸ்வரிக்கு நிலத்தில் கால் படவில்லை. "அம்மாளாச்சி கண் திறந்திட்டாடா! ஆக்கள் வருசக்கணக்காய் அலையினம், உனக்கு ஒரு காலமையிலை வேலை."

"அக்கா, அந்த மனுசனுக்கு நான் ஒவ்வொரு நாளும் பொய் சொல்லோணும்."

"அங்கை மட்டும் நீ உண்மையே சொல்லுறாய்?"

கோபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னான்: "அங்கை பிந்தினாலும் வரும், அக்கா. சில நேரம் அடுத்த நாள், சில நேரம் அடுத்த கிழமை. ஆனால் வரும். சனம் ஏறி, கதவைச் சாத்தி, அது எழும்பிப் போகேக்கை எனக்கு ஒரு சந்தோசம். அந்தக் கிழவருக்கு ஒரு நாளும் வராது."

"சந்தோசத்தை வைச்சு என்ன செய்யிறது? உனக்கு அங்கை ஒரு பாஸ்போட்டே இல்லை."

"ஒரு அட்டை தந்திருக்கினம்."

"அட்டை!" என்றாள் குகனேஸ்வரி.

வெள்ளி இரவு மந்திரிக்கு விருந்து. இடம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. சோதிலிங்கம் கோப்பை கழுவி, மட்டி உரசுகிற கடை அதுதான். ஊரில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மனேச்சராக இருந்தவர். மைத்துனன் விருந்தில் இருக்கிறான் என்று பரிசாரகன் சொல்லி அறிந்தும் அவர் வெளியே வரவில்லை. கோபால்தான் கோப்பைகளுக்கு நடுவால் வழி கேட்டு உள்ளே வந்தான்.

"அத்தான், நீங்கள் இஞ்சையோ?"

"நீ சாப்பிட்ட மட்டி முழுக்க நான் கழுவினதுதான். மண் கடிச்சதே?"

"இல்லை."

"அப்ப சரி." சோதிலிங்கம் கையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அவனுடைய தோள்பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்கை உன்னை என்னெண்டு கூப்பிடுகினம்?"

"மெஸ்ஸியே கோபால் எண்டுவினம்."

"என்னை இஞ்சை லீனோ எண்டு கூப்பிடுகினம். சோதிலிங்கத்திலை அவையளின்ரை வாய்க்கு அவ்வளவுதான் அகப்பட்டது." உள்ளேயிருந்து யாரோ "லீனோ!" என்று கத்தினார்கள். அவர் திரும்பினார். "அக்கா அழுவா. நான் பார்க்கிறன். நீ உனக்குச் சரியெண்டு படுறதைச் செய். நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லிப்போடாதை, பிறகு எனக்குச் சோறு இல்லை."

சனிக்கிழமை காலை கோபால் எழும்பியபோது யூனிபோம் காற்சட்டை சவர்க்காரத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"ஊத்தையாய் இருந்தது" என்றாள் குகனேஸ்வரி, அவனுடைய முகத்தைப் பாராமல்.

அவன் காற்சட்டையை அலசி, முறுக்கிப் பிழிந்து, அப்படியே போட்டுக்கொண்டான். பீலிக்ஸின் காரில் பின்சீற் முழுக்க ஈரம். குகனேஸ்வரியும் வந்தாள், வழியெல்லாம் மனம் மாறுவான் என்ற நம்பிக்கை அவளுக்கு.

விமான நிலையத்தில் வேறு விதமான குழப்பம். மந்திரி வரவில்லை. அவர் விருந்து முடிந்த கையோடு இரவே றோமுக்குப் போய், அங்கிருந்து ஒரு பெரிய வெளிநாட்டுக் கொம்பனியில் ஊருக்கு ரிக்கற் போட்டுவிட்டாராம். தேசிய விமானத்தில் வந்தது நாட்டுப்பற்றுக்கு. திரும்புவதற்கு நேரம் முக்கியம். மந்திரியின் செயலாளர் வரவில்லை. விவசாயத் திணைக்களத்து அதிகாரிகள் இரண்டு பேரைக் காணவில்லை. அவர்கள் வாங்கிய சலவை இயந்திரங்கள் மட்டும் பெயர் எழுதி வந்து சேர்ந்திருந்தன. ஹொட்டலில் கேட்டால், நேற்று இரவே பெட்டியுடன் போய்விட்டார்கள் என்றார்கள்.

பொலிஸ் அதிகாரி ஒருவர் வேகமாக வந்து, வேறு யாரையும் கேட்காமல் கோபாலிடம் வந்தார். பின்னால் சாதாரண உடுப்பில் ஒருவன். புதன்கிழமையிலிருந்து இலங்கையனைக் கண்காணிக்கச் சொல்லி விடப்பட்ட ஆள் அவன். சிஞ்ஞோறாவின் வீடு இருக்கிற விய லிபெர்த்தாவுக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கும் பின்னாலேயே திரிந்திருக்கிறான். கொம்பேலாக்காரரை ஒருவரும் கண்காணிக்கவில்லை. அவர்களுக்குத்தான் சொந்த நாடு இருக்கிறதே.

"நீங்கள் திரும்பிப் போகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார். பீலிக்ஸ் மொழிபெயர்த்தார்.

"ஓம்."

"நீங்களா?" என்று அதிகாரி இன்னொரு தரம் கேட்டார்.

அப்போது விமானி கப்டன் இறங்கி வந்து, இசிடோரையும் காணவில்லை என்றார். கண்காட்சிக்கு வந்த வியாபாரிகள் சிலர் ஏறக் காத்து நின்றார்கள், பயணிகளைப் பார்க்க ஒரு ஆளாவது இல்லாமல் அவர்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம். கோபால் தொப்பியைக் கழற்றிவிட்டு, இசிடோர் விட்டுப்போன ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டினான். அவசர வாசலைத் திறக்கவும் உயிர்காப்பு அங்கி போடவும் தான் கொம்பனியில் படித்திருப்பதாகச் சொன்னான். கப்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

குகனேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது, இவன் உண்மையிலேயே போகப்போகிறான் என்று. "தம்பி, உந்தப் பிளேனைப் பாரடா. ஒரு கதவு வேறை நிறத்திலை கிடக்கு" என்று கடைசி வாதத்தையும் வைத்தாள்.

"அது மற்றப் பிளேனின்ரை கதவு, அக்கா. அதுதான் இதிலை ஆக நல்ல சாமான்." அவளைக் கட்டிப்பிடித்தான். "நான் போய்ச் சேர்ந்து எடுக்கிறன். நீ அழுதால் எனக்குச் சனத்தை ஏத்தேலாது."

விமானம் உடனே போகவில்லை. ஒரு பக்க இயந்திரம் தொடங்க மறுத்தது, பிறகு தொடங்கியது, பிறகு ஏதோ பேப்பர் வரவேண்டும் என்றார்கள். குகனேஸ்வரி கண்ணாடிக்கு முன்னால் மத்தியானம்வரை நின்றாள். முதலில், இது பழுதாகி இங்கேயே நின்றுவிடவேணும் என்று நேர்ந்தாள். ஆனால் அது ஓடத் தொடங்கி, ஓடுபாதை முடிகிற இடம்வரை எழும்பாமல் போனபோது, "எழும்பு, எழும்பு, பிள்ளையாரே எழுப்பிவிடு" என்று சத்தமாகவே சொன்னாள். அது கடலுக்கு மேலால் திரும்பிப் போனதும் நிலத்தில் இருந்துவிட்டாள். பீலிக்ஸ் தண்ணீர் வாங்கப் போனார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, தம்பி வரமாட்டான் என்பதைச் சிஞ்ஞோறாவுக்கு எப்படிச் சொல்லுவது என்று யோசித்தபடியே படியேறினாள். சொல்லத் தேவை வரவில்லை. அவ்வொக்காத்தோ மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், எயர் கொம்பேலா யூனிபோமில், கையைப் பின்னால் கட்டியபடி இசிடோர் நின்றான்.

"உங்கள் தம்பி தனக்குப் பதிலாக நண்பனை அனுப்பிவிட்டாரே, எவ்வளவு நல்ல மனம்!" என்றாள் சிஞ்ஞோறா அமேலியா.

குகனேஸ்வரி இசிடோரைப் பார்த்தாள். நண்டுக் கால் ஞாபகம் வந்தது. இசிடோர் நிலத்தைப் பார்த்தான். இரண்டு மாதம் அவள் அவனுடன் ஒரு சொல் பேசவில்லை. அவன் நடந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் துடைத்தாள்.

கோபால் சொன்னபடி ரெலிபோன் எடுத்தான். கொம்பேலாவில் விசாரணைக்குழு வைத்தார்களாம். விமானத்தில் போன அரசாங்க ஆட்களில் திரும்பி வந்தது விமானிகளும் ஒரு வெளிநாட்டுக்காரனும்தான் என்பது அரசாங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் அறிக்கையை வெளியிடாமல், கோபாலுக்கு மூன்றாவது பட்டியைக் கொடுத்துவிட்டார்கள். "இசிடோர் சுகமாய் இருக்கிறானே?" என்று அவன் கேட்டான். அவனுக்குக் கோபமே இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

அடுத்த வருசக் கடைசியில், பெர்மெசோ இல்லாத ஆட்களுக்கு அரசாங்கம் பெர்மெசோ கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. சிஞ்ஞோறாவுக்குத் தெரிந்த குவெஸ்தூரா ஆள் ஓய்வில் போயிருந்தார். இத்தாலியன் சரியாக வராத இசிடோர் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவன் கேட்க முதலே குகனேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுத்தாள்.

குவெஸ்தூரா வரிசையில் அரைநாள் நின்று உள்ளே போனபோது, மேசையில் இருந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன முறை?"

அவள் இத்தாலியனில் சொல் தேடுவதற்குள் இசிடோர் அவளைக் காட்டிச் சொன்னான்: "சொறெல்லா." அக்கா என்று அர்த்தம்.

மேசையில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். குகனேஸ்வரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு "ஸீ" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, விண்ணப்பத்துக்கு ஒரு படம் குறைகிறது, வாற வியாழன் கொண்டுவாருங்கள் என்றார்.